மேசைக்குச் சேலை கட்டிவிட்டது யார்?

புசா ரோட்டுவாசிகளுக்கு இந்தி இலக்கணம் மெட்ரோவிலேயே கிடைத்துவிடுகிறது. ராஜேந்திர பிளேஸில் ஏறி உட்கார்ந்தால் "அக்லா ஸ்டேஷன் கரோல் பாக் ஹை" என்கிறது குரல். அக்லா என்பதால் ஸ்டேஷன் ஆண். அடுத்த மூச்சில் கதவுகள் "பாயீ தரஃப்" திறக்கும் என்றோ "தாயீ தரஃப்" திறக்கும் என்றோ சொல்கிறது. பாயா இல்லை, பாயீ. ஏனென்றால் தரஃப் பெண். (பாயா என்றால் நம்மூரில் ஆட்டுக்கால் சூப், அது வேறு கதை.)

நாம் என்ன சொல்வோம்? அடுத்த ஸ்டேஷன், அடுத்த பஸ், அடுத்த வாரம், அடுத்த வீட்டு மாமி. 'அடுத்த' என்ற சொல் யாருக்காகவும் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. நல்ல பையன், நல்ல பெண், நல்ல வீடு என்று 'நல்ல' அப்படியே நிற்கும். அதனால்தான் முப்பது வருஷம் தில்லியில் குப்பை கொட்டி, வீடு வாங்கி, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் நம்மவர்கள் பலர் "மேரா வைஃப்" என்கிறார்கள். காய்கறிக்காரர் சிரிக்கிறார். அதைவிட, கூடவே நிற்கும் சொந்தப் பிள்ளை "அப்பா, மேரீ" என்று தாழ்ந்த குரலில் திருத்துகிறதே, அதுதான் உறுத்தும். இப்படி நாலு தடவை ஆனதும் வெளியிடங்களில் வாயே திறக்காமல் பிள்ளைகளை முன்னால் அனுப்பிவிடும் பெற்றோர்களை எனக்குத் தெரியும். 1968ல் வந்த 'படோசன்' படத்தில் மெஹ்மூத் மதராஸி பாட்டு வாத்தியாராக வந்து தியேட்டரையே சிரிக்க வைத்தார். அந்தச் சிரிப்பு இன்னும் முழுக்க ஓயவில்லை.

இது தெருவோடு போகிற விஷயமும் இல்லை. 2022 ஜூலையில் காங்கிரஸ் தலைவர் அதீர் ரஞ்சன் சௌத்ரி குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவை 'ராஷ்டிரபத்னி' என்று சொல்லப்போய் நாடாளுமன்றம் ரெண்டுபட்டது. நாக்குப் புரண்டுவிட்டது, நான் வங்காளி, இந்தி எனக்குப் பழக்கமில்லை என்றார். மன்னிப்புக் கடிதமும் எழுதினார். அரசியலை விடுங்கள். வங்காள மொழியில் இலக்கணப் பால் கிடையாது என்பது மட்டும் உண்மை. 2007ல் பிரதிபா பாட்டீல் வந்தபோதே 'பதி'க்குப் பெண்பால் என்ன என்று இந்திப் பத்திரிகைகள் மண்டையை உடைத்துக்கொண்டன. தமிழில் 'தலைவர்' என்று ஒரு 'அர்' போட்டு நிம்மதியாக இருந்துவிட்டோம்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். என் மகள் ஸ்பானிஷ் படிக்கிறாள். கன்னாட் பிளேஸ் பக்கம் ஹனுமான் ரோட்டில் 2009 முதல் ஸ்பெயின் நாட்டின் செர்வாந்தேஸ் நிலையம் இருக்கிறது. அதற்கப்புறம் தில்லிப் பிள்ளைகளிடம் இந்த மொழிக்கு ஒரு மவுசு. வீட்டில் "லா மேஸா ப்ளாங்கா" என்று உருப்போட்டுக்கொண்டிருந்தாள். மேஸா என்றால் மேசை. ப்ளாங்கா என்றால் வெள்ளை. மேசை பெண் என்பதால் ப்ளாங்கோ ப்ளாங்கா ஆகிவிட்டது. காஸாப்ளாங்கா என்ற ஊர்ப்பெயரும் இதே கணக்குதான், வெள்ளை வீடு. கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா, திருநெல்வேலிக்காரர், "மேசைக்கு எவம்ட்டி சேலை கட்டிவிட்டது?" என்றார்.

நியாயமான கேள்வி. பதில் தேடினால் ரோமாபுரி வரை போகிறது.

லத்தீனிலும் சமஸ்கிருதத்திலும் மூன்று பால். ஆண், பெண், இரண்டுமில்லாதது. இரண்டும் ஒரே மூதாதை மொழியின் வாரிசுகள் என்பதால் சொத்தும் ஒரே மாதிரி. அதற்கும் முந்திய நிலை எப்படி இருந்திருக்கும் என்பதற்குத் துருக்கியில் கிடைத்த ஹிட்டைட் களிமண் பலகைகள் ஒரு துப்புத் தருகின்றன. செக் அறிஞர் ஹ்ரோஸ்னி 1915ல் அவற்றைப் படித்துச் சொன்னார். அந்தக் குடும்பத்தில் எழுத்தில் கிடைத்தவற்றுள் மிகப் பழைய மொழி அது. அதில் ஆண் பெண் பிரிவே இல்லை. பொதுப்பால், அஃறிணை என்று இரண்டே வகை. ஆதியில் உயிருள்ளது, உயிரில்லாதது என்ற பிரிவுதான் இருந்தது, பெண்பால் பிறகு முளைத்தது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தை உயர்திணை, அஃறிணை என்று தொடங்குவது ஞாபகம் வருகிறதா? ஒன்றுக்கொன்று உறவு இல்லை, ஆனால் யோசனை பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது.

லத்தீன் ஸ்பானிஷாகவும் சமஸ்கிருதம் பிராகிருதம் வழியாக இந்தியாகவும் தேய்ந்த நூற்றாண்டுகளில் இரண்டு இடத்திலும் ஒரே விபத்து நடந்தது. மூன்றாவது பால் போய்விட்டது. எங்கள் துறையில் சொன்னால் கிளை மூடல். 2020 ஏப்ரலில் பத்து அரசு வங்கிகள் நான்காகச் சுருங்கியபோது வாடிக்கையாளர்கள் பட்ட பாடு தெரியும். கணக்கு அழியாது, ஆனால் எந்தக் கிளைக்குப் போனது என்று தேட வேண்டும், பழைய காசோலைப் புத்தகம் செல்லாது, ஐஎஃப்எஸ்சி எண் மாறியிருக்கும். அஃறிணைச் சொற்களுக்கும் அதே கதி. பெரும்பாலானவை ஆண்பால் பேரேட்டுக்கு மாற்றப்பட்டன. சில பெண்பாலுக்குப் போயின. யார் எங்கே போவது என்பதற்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு வேடிக்கை புலப்படும். இந்தி வாத்தியார் முதலில் சொல்லித்தரும் விதி, 'ஆ'வில் முடிந்தால் ஆண், 'ஈ'யில் முடிந்தால் பெண். உடனே விதிவிலக்கு என்று ஒரு பட்டியல் தருவார்: பானி, தஹி, கீ, மோதி. தண்ணீர், தயிர், நெய், முத்து. நாலும் 'ஈ'யில் முடிந்தும் ஆண். ஏன் என்று கேட்டால் "அப்படித்தான்" என்பார். காரணம் இருக்கிறது. பானீயம், ததி, க்ருதம், மௌக்திகம் என்று நாலும் சமஸ்கிருதத்தில் அஃறிணை. கிளை மூடியதும் ஆண்பாலுக்கு மாற்றப்பட்ட கணக்குகள். மராத்தியும் குஜராத்தியும் மூன்றாம் பாலை மூடவில்லை. அதனால் மராத்தியில் தண்ணீரும் தயிரும் இன்றும் அஃறிணைதான். குழந்தையைக் குறிக்கும் 'மூல்' என்ற சொல்லும் அங்கே அஃறிணை, நாம் 'குழந்தை சிரிக்கிறது' என்கிற மாதிரி.

இப்போது ஸ்பானிஷுக்கு வாருங்கள். அங்கே முதல் விதி, 'ஓ'வில் முடிந்தால் ஆண், 'ஆ'வில் முடிந்தால் பெண். உடனே விதிவிலக்குப் பட்டியல்: ப்ரொப்ளேமா, தேமா, கிளீமா, இதியோமா, சிஸ்தேமா. எல்லாம் 'ஆ'வில் முடிந்தும் ஆண். எல் ப்ரொப்ளேமா என்றுதான் சொல்ல வேண்டும். இவை எல்லாமே கிரேக்கத்திலிருந்து வந்தவை, கிரேக்கத்தில் எல்லாமே அஃறிணை! பானி, தஹியின் ஒன்றுவிட்ட சகோதரர்கள். என் மகள் பட்டியலை மனப்பாடம் செய்வதை அன்றோடு நிறுத்திவிட்டாள். 'மா'வில் முடிகிற கிரேக்கச் சொல்லா, அப்படியானால் அது பானி வகை என்று வைத்துக்கொள்கிறாள். எல்லா 'மா'வும் அப்படியில்லை, காமா (கட்டில்) பெண்தான். ஆனால் அது கிரேக்க அஃறிணைக் கூட்டத்தைச் சேர்ந்ததில்லை.

பெண்பாலுக்குப் போன கணக்குகள் இன்னும் சுவாரஸ்யம். லத்தீனில் அஃறிணைப் பன்மை 'ஆ'வில் முடியும். ஃபோலியா என்றால் இலைகள், லிக்னா என்றால் விறகுகள், வோட்டா என்றால் நேர்ந்துகொண்ட வாக்குகள். காதுக்கு 'ஆ' என்று கேட்டதால் ஜனங்கள் இதை ஒருமைப் பெண்பால் என்று எடுத்துக்கொண்டார்கள். ஓஹா (இலை), லேன்யா (விறகு), போதா (கல்யாணம்) எல்லாம் இன்று ஸ்பானிஷில் பெண்கள்.

பாலும் உப்பும் தனிக்கதை. பாலுக்கான லத்தீன் சொல் அஃறிணை. இத்தாலி, பிரான்ஸ், போர்ச்சுகல் மூன்று இடத்திலும் ஆண் ஆனது, ஸ்பெயினில் மட்டும் பெண், லா லெச்சே. உப்பும் அப்படியே, லா சால். கடல் முடிவுக்கே வரவில்லை. எல் மார் என்றும் சொல்லலாம், மீனவர்களும் கவிஞர்களும் லா மார் என்பார்கள். பாலுக்குள் பெண்மை, கடலுக்குள் தாய்மை என்றெல்லாம் யாராவது தத்துவம் பேசினால் நம்பாதீர்கள். எல்லை தாண்டினால் பாலுக்கு மீசை முளைத்துவிடுகிறது.

1492ல், கொலம்பஸ் கப்பலேறிய அதே வருஷம், அந்தோனியோ தெ நெப்ரிஹா ஸ்பானிஷுக்கு முதல் இலக்கணம் எழுதினார். சாலமாங்காவில் அச்சானது. அவர் பெயர்ச்சொல்லுக்கு ஏழு பால் என்று கணக்குச் சொல்கிறார். ஆண், பெண், அஃறிணை, இருவருக்கும் பொது, மூவருக்கும் பொது, கலப்பு, அப்புறம் 'சந்தேகம்'! எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியாத சொற்களுக்கு ஒரு தலைப்பு. இதைப் படித்ததும் எனக்கு மனிதர் மேல் மரியாதை வந்துவிட்டது. வங்கியில் இதற்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று பெயர்.

ஆனால் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தவர்கள் வேறு ஆட்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் பெட்ரோனியஸ் என்ற ரோமானியர் 'சட்டிரிகான்' என்று ஒரு கதை எழுதினார். அதில் ஒரு பெரிய விருந்து வருகிறது. விருந்து கொடுக்கும் டிரிமால்கியோ முன்னாள் அடிமை, ஆசியப் பக்கத்திலிருந்து சிறுவனாகக் கொண்டுவரப்பட்டவர். இப்போது பெரும் பணக்காரர். கூட உட்கார்ந்திருப்பவர்களும் அவரைப் போல விடுதலை பெற்றவர்கள். அவர்கள் வாயில் பெட்ரோனியஸ் தப்பும் தவறுமான லத்தீனை வைக்கிறார், படித்தவர்கள் சிரிப்பதற்காக. என்ன தப்பு? 'வினும்' என்று அஃறிணையாகச் சொல்ல வேண்டியதை 'வினுஸ்' என்று ஆணாக்கிவிடுகிறார்கள். ஒயின். ஆகாயத்துக்கு 'கேலும்' என்பதற்குப் பதில் 'கேலுஸ்'.

இன்று ஸ்பானிஷில் ஒயின் என்ன? எல் வினோ, ஆண். ஆகாயம்? எல் சியெலோ, ஆண். சிரித்தவர்களின் லத்தீன் புத்தகத்தில் இருக்கிறது. கேலிக்கு ஆளானவர்கள் பேசியதை இன்று கோடிக்கணக்கானவர்கள் சரியான மொழி என்று பேசுகிறார்கள், தேர்வு எழுதுகிறார்கள், என் மகளுக்கு மார்க் குறைக்கிறார்கள். காய்கறிக்காரர் சிரிக்கும்போது நான் நினைத்துக்கொள்வது டிரிமால்கியோவின் பந்தியைத்தான்.

தமிழ் இந்த விஷயத்தில் பழைய காலத்திலிருந்தே கறார். சொல்லின் முடிவைப் பார்க்காது, பொருளைப் பார்க்கும். சமஸ்கிருதத்தில் கிராமமும் விருட்சமும் ஆண்பால். தமிழுக்குள் நுழையும்போது வாசலிலேயே பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து 'அம்' என்று முத்திரை குத்தி அஃறிணையாக அனுப்பிவிட்டோம். நண்பன் என்ற பொருளில் 'மித்ரம்' அங்கே அஃறிணை. அதெப்படி, ஆள் அல்லவா என்று 'மித்திரன்' ஆக்கினோம். 1882ல் தொடங்கிய பத்திரிகைக்கு சுதேசமித்திரன் என்றுதான் பெயர். மனைவிக்கு சமஸ்கிருதத்தில் 'பார்யா' என்றால் பெண்பால், 'களத்ரம்' என்றால் அஃறிணை, 'தாரா:' என்றால் ஆண்பால் பன்மை! மூன்றையும் வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்தினார்களோ.

நமக்கும் வழு உண்டு. திணை, பால், இடம், காலம், செப்பு, வினா, மரபு என்று ஏழு வகை வழுவை நன்னூல் சொல்கிறது. ஆனால் கூடவே வழுவமைதி என்ற ஒன்றும் இருக்கிறது. வீட்டுப் பசுவை ஆசையாக 'அம்மா வந்தாள்' என்றால் திணை தப்புதான், ஆனாலும் அன்பினால் சொன்னது, இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். இந்த அளவு பெருந்தன்மையான இலக்கணத்தை வேறெங்கும் நான் பார்க்கவில்லை. (எல்லா மொழி இலக்கணமும் படித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள்.)

மேசைக்குத் திரும்புவோம். இந்தச் சொல்லே நமக்குப் போர்ச்சுகீசியர் கொடுத்தது. போர்ச்சுகீஸ் ஸ்பானிஷின் தங்கச்சி. அலமாரி, சாவி, ஜன்னல், பீப்பாய், ஏலம் எல்லாம் அவர்கள் கப்பலில் வந்தவை. அவர்கள் ஊரில் சாவியும் ஜன்னலும் பெண், அலமாரி ஆண். நம் துறைமுகத்தில் இறங்கியதும் எல்லாம் 'அது'. இந்தியும் அதே கப்பலிலிருந்து சாமான் வாங்கியது, ஆனால் பால் சான்றிதழைத் தானே புதிதாகக் கொடுத்தது. போர்ச்சுகீசிய 'காமரா' பெண். இந்தியில் 'கம்ரா', 'ஆ'வில் முடிகிறதே, எனவே ஆண். வாளிக்கு 'பால்தெ', அங்கே ஆண். இங்கே 'பால்டி', 'ஈ'யில் முடிகிறதே, எனவே பெண். அலமாரியும் அப்படியே பெண்ணாகிவிட்டது. நாம் தினமும் புழங்கும் அறையும் வாளியும் அலமாரியும் கடல் தாண்டும்போது பால் மாறியவை. ஊர் மாறினால் என்னவெல்லாம் மாறும் என்று நமக்குத் தெரியாதா?

அந்தக் கப்பல்களில் வந்த மனிதர்களுக்கும் நம்முடைய அவஸ்தை இருந்தது. 1542ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர், இவர்கள் மொழி மலபார், என் மொழி பாஸ்க், ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியவில்லை என்ற பொருளில் 1544ல் கொச்சியிலிருந்து எழுதினார். (தமிழைத்தான் அவர்கள் மலபார் மொழி என்றார்கள்.) பாஸ்க் மொழியில் பெயர்ச்சொல்லுக்கு ஆண் பெண் கிடையாது. சில வேற்றுமைகளில் உயிருள்ளது, உயிரில்லாதது என்ற பிரிவு மட்டும் உண்டு. ஒருவேளை தமிழின் திணை அவருக்குச் சட்டென்று பிடிபட்டிருக்கலாம். தங்கிப் படிக்க அவருக்கு நேரம் இல்லை, கிழக்கே போய்விட்டார்.

தங்கியவர் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ். 1546ல் இந்தியா வந்த போர்ச்சுகீசியர். எங்கள் பக்கத்து ஊரான புன்னைக்காயலில் ஆயுளைக் கழித்து 1600ல் இறந்தார். அண்டிரிக் அடிகளார் என்பார்கள். 1578ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இவருடையது. அதற்கு முப்பது வருஷம் முன்பே போர்ச்சுகீஸ் மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதிவைத்தார். கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அவருக்கு வாய்த்தது நம் கஷ்டத்தின் தலைகீழ். அவர் மொழியில் நல்ல என்ற சொல் மாறும், வந்தது என்ற சொல் மாறாது. நம் மொழியில் நல்ல மாறாது, வந்தான், வந்தாள், வந்தது என்று வினை மாறும். பரதவர் கடற்கரையில் எத்தனை பேர் அவரைப் பார்த்துச் சிரித்தார்களோ! சிரித்திருந்தாலும் சொல்லியும் கொடுத்திருக்கிறார்கள், புத்தகம் அச்சாகியிருக்கிறதே.

ஸ்பானிஷ் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ரெண்டு வார்த்தை. இந்தியை விட இது சுலபம். இந்தியில் 'கயா, கயீ' என்று வினையும் பால் காட்டும், ஏனென்றால் அது ஒரு காலத்தில் பெயரடை மாதிரி இருந்த எச்சம். ஸ்பானிஷ் வினைக்கு அந்தத் தொல்லை இல்லை. பெயரடையிலும் 'ஓ'வில் முடிவது மட்டும்தான் பெரும்பாலும் ஆண் பெண் மாறும். கிராந்தே (பெரிய), ஆசுல் (நீலம்) இரண்டுக்கும் அப்படியே நிற்கும், 'லால்' மாதிரி. பன்மைக்கு மட்டும் ஒரு 'ஸ்' கேட்கும். 'எல் ஆகுவா ஃப்ரியா' என்று பாடத்தில் வரும்போது பயப்பட வேண்டாம். தண்ணீர் பெண்தான், ஃப்ரியா (குளிர்ந்த) அதைக் காட்டிக்கொடுக்கிறது. முன்னால் நிற்கும் 'எல்' ஆண் வேஷம் போட்ட பழைய 'ஏலா'.

எங்கள் தெருவிலேயே தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. அங்கே தமிழ் படித்த பிள்ளைகளுக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. அஃறிணைக் கிளையை மூடிவிட்டதாகச் சொன்னேன் அல்லவா? ஸ்பானிஷில் ஒரு சின்ன கவுண்டர் இன்னும் திறந்திருக்கிறது. எல் புவேனோ என்றால் நல்லவன். லா புவேனா, நல்லவள். லோ புவேனோ என்று ஒன்று இருக்கிறது, ஆங்கிலம் வழியாகப் படிக்கும் பிள்ளைகள் அங்கே திணறுகிறார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு ஒரே சொல்லில் விளங்கும்: நல்லது. கூடவே எஸ்தோ, எஸோ, ஆகேயோ என்று மூன்று சுட்டுகள், மூன்றும் அஃறிணை. என் பக்கத்தில் இருப்பது, உன் பக்கத்தில் இருப்பது, தூரத்தில் இருப்பது. இந்தியில் இதற்கு 'யஹ், வஹ்' என்று இரண்டுதான். தமிழில் இது, உது, அது. நடுவில் இருப்பதை நாம் தொலைத்துவிட்டோம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஸ்பானிஷ் வகுப்பில் இருந்தால் 'எஸோ' வரும்போது யோசிக்கவே தேவையில்லை. அவர்கள் வீட்டில் அம்மா தினமும் "உது என்ன?" என்றுதான் கேட்கிறார்.